சம்பந்தியம்மா இறங்கிப் பார்த்த தொட்டி

பெரம்பலூரில் டாக்டர் வீடு, வக்கீல் வீடு, நகைக்கடைக்காரர் வீடு என்று வரிசையாகப் பாத்ரூம் கட்டிக் கொடுத்தவன் நான். சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் தேங்காமல் தரைக்கு வாட்டம் கொடுத்து, கிரகப்பிரவேசத்துக்கும் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவேன். உங்கள் வீட்டில் எங்கே குளிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். கொல்லையில் மூன்று பக்கம் கீத்துத் தட்டி, நான்காவது பக்கம் வீட்டுச் சுவர், நின்று குளிக்க ஒரு பலகைக்கல். மேலே ஆகாயம். டைல்ஸ் செலவில்லாத கூரை.

பெயர் செல்லதுரை. மேஸ்திரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். கான்ட்ராக்டர் என்று கூப்பிட்டால் கூப்பிட்டவருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். இதைத் தெரிந்துகொண்டு டீ குடித்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய.

என் மகள் பிரவீணாவை அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு சிமெண்டு ஆலையில் வேலை, ஆலைக் குவார்ட்டர்ஸில் வீடு. கல்யாணம் ஆனியில் நடந்தது. மறுமாதம் மாப்பிள்ளையின் அம்மா ஜெயலட்சுமி எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். இரண்டாம் நாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது ஆடிக் காற்று ஒரு தட்டியைப் பிடுங்கிப் பக்கத்துச் சோளக்கொல்லையில் போட்டது. கொல்லையை ஒட்டித்தான் தார்ரோடு. டவுன் பஸ் அந்த நிறுத்தத்தில் யாரும் ஏறாவிட்டால் நிற்கவே நிற்காது. அன்று நின்றது. மார்பில் கட்டிய பாவாடையும் கையில் சொம்புமாக சம்பந்தியம்மா நின்றதை நான் பார்க்கவில்லை; பஸ்ஸில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அதற்கான பதில் அடுத்த வருஷம் வந்தது. பிரவீணாவுக்கு ஐந்தாம் மாதம். நானும் என் மனைவி பொன்னாயியும் பலகாரம் எடுத்துக்கொண்டு ரெட்டிபாளையம் போயிருந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. பொன்னாயி அந்தப் பேச்சை எடுத்தாள். சம்பந்தியம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே மரியாதையாகத்தான் சொன்னார்.

"வளைகாப்ப நல்லா செஞ்சுடுவோம் அண்ணி. ஆனா பிரசவத்துக்கு அவ இங்கயே இருக்கட்டும். இங்க குளிக்க, மத்ததுக்கு எல்லாம் வூட்டுக்கு உள்ளயே இருக்கு. வவுத்துப் புள்ளைக்காரிய அந்தத் தட்டி மறைப்புக்கு எப்படி அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

நான்தான் நெஞ்சை நிமிர்த்தினேன். "உள்ளயே கட்டிடறேன் சம்பந்தியம்மா. ரெண்டு மாசம் இருக்குல்ல."

"கட்டுங்கண்ணே. நான் வந்து ஒரு தடவ பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொன்னாயி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, சுண்ணாம்புக்கல் லாரிகள்தான். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எம்புள்ளைக்கு நான் வெந்நி ஊத்தணுங்க. பெத்தவளுக்கு அது கூடக் கெடையாதா?"

எனக்குச் சம்பந்தியம்மா மேல் கோபம் வந்தது, நியாயம் அவர் பக்கம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. "நீ அழாத. அந்தம்மா வாயப் பொளந்து நிக்கற மாதிரி ஒரு பாத்ரூம் கட்டறேன் பாரு" என்றேன்.

அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது சும்மா இருந்திருந்தால் பத்தடிக்கு ஆறடியில் ஒரு அறை, உட்கார்ந்து எழுந்திரிக்கிற மாதிரி ஒரு கக்கூஸ், வெந்நீருக்கு ஹீட்டர் என்று வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அப்போது லப்பைக்குடிக்காட்டில் ஜபருல்லா பாய்க்கு நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் ஒரு பெரிய ஓட்டலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே அவர் பார்த்துக்கொண்டது குளியல் தொட்டிகளை. சாதாரணத் தொட்டி இல்லை. உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் நாலா பக்கமும் துவாரங்களிலிருந்து தண்ணீர் பீறிட்டு உடம்பைப் பிடித்துவிடும் தொட்டி. அவர் அதைப் பற்றிப் பேசப் பேச என் கண்ணுக்குள் சம்பந்தியம்மா வாயைப் பிளந்து நின்றார்.

திருச்சியில் ஒரு கடையில் அந்தத் தொட்டி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு பாயையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். யாருக்கு, எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "வூட்டுக்குத்தான்" என்றேன். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடையில் இரண்டு தொட்டி இருந்தது. சின்னதில் நாலு துவாரம். பெரியதில் எண்ண முடியாத துவாரம், உள்ளே நீல விளக்கு, தலை சாய்க்க ஒரு மெத்தை.

பாய் சின்னதைத் தட்டிப் பார்த்தார். "இது போதும் மேஸ்திரி. தொள நெறைய இருந்தா தொல்லையும் நெறைய. நம்மூரு போர் தண்ணி எப்படின்னு ஒங்களுக்குத் தெரியும், வெந்நிப் பானையில வெள்ளையா ஏடு கட்டுதுல்ல, அது இந்தக் கொழாய்க்குள்ளயும் கட்டும். மாசத்துக்கு ரெண்டு வாட்டி வினிகர் ஊத்தி ஓட்டி வுடணும். குளிச்சு முடிச்சதும் நல்ல தண்ணி நெரப்பி ஒரு தடவ ஓட்டணும். எண்ணெ, பொடி எதுவும் உள்ள போவக் கூடாது. முக்கியமா ஒண்ணு, மோட்டாரத் தொறந்து பாக்க ஒரு கதவு வைக்கணும். மறந்துடாதீங்க."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்காரர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு என் இஷ்டத்துக்குக் கட்டுவது என் தொழில். அந்தப் பழக்கம் போகவில்லை.

அதற்குள் கடைக்காரப் பையன், "பெரிய மாடல்ல உக்காந்து பாருங்க சார், ஒங்க பர்சனாலிட்டிக்கு அதுதான் சரி" என்றான். என்னை அதுவரை யாரும் சார் என்றதில்லை, பர்சனாலிட்டி என்றதும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய தொட்டியில் இறங்கிக் காலை நீட்டி, மெத்தையில் தலையைச் சாய்த்தேன். கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் என்னை வேடிக்கை பார்த்தது. தண்ணீர் இல்லாத தொட்டியில் படுத்துக்கொண்டு நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரியதையே வாங்கினேன்.

மினிலாரியிலிருந்து அதை இறக்கியபோது ஊரே கூடிவிட்டது. படகு என்று சிலர், பால் குளிர வைக்கிற தொட்டி என்று சிலர் சொன்னார்கள். அறையை ஏற்கெனவே கட்டி முடித்திருந்தேன். தொட்டியை வைத்த பிறகு பார்த்தால் கக்கூஸ் வைக்க விட்டிருந்த மூலையில் முக்கால் அடி தொட்டி ஏறி உட்கார்ந்திருந்தது. அறைக்கு அளவெடுத்தது கடைக்குப் போவதற்கு முன்னால்; ஏதோ ஒரு சின்னத் தொட்டியை மனதில் வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற கைக்குத் தன் வீட்டில் டேப் பிடிக்கத் தெரியவில்லை. "கக்கூஸ அப்புறம் வெளியில தள்ளி வச்சுக்கலாம்" என்று பொன்னாயியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

ஆனால் வேலைப்பாடு இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். தொட்டியைச் சுற்றிச் செங்கல் கட்டி, பூசி, கறுப்பு கிரானைட் ஒட்டினேன். எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாத அளவுக்கு இழைத்தேன். ஜபருல்லா பாய் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து கிரானைட்டைத் தட்டினார்.

"மோட்டாருக்கு வழி எங்க மேஸ்திரி?"

"வழியே தெரியாத ஃபினிஷிங் பாய்" என்றேன் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்தது. மோட்டாருக்கு நான் சமாதி கட்டியிருந்தேன்.

"சரி, கெடக்கட்டும். யாரு குளிக்கப் போறது?"

"பொண்ணு பிரசவத்துக்கு வருது பாய். அதுக்குத்தான்."

பாய் அப்படியே கிரானைட்டில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாவே! மாசமா இருக்கற புள்ளையவா இதுல எறக்கப் போறீங்க? அந்த சூட்டுக்கும் அடிக்கற அடிக்கும் கூடவே கூடாதுங்க. எங்க ஓட்டல்ல போர்டே மாட்டியிருந்தாங்க. புள்ள பெத்த ஒடம்புக்கும் ஆவாது. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

யாருக்காக வாங்கினேனோ அவள் இறங்கக்கூடாத தொட்டி, அவளுக்குக் கண்டிப்பாக வேண்டிய கக்கூஸ் இல்லாத அறை. பதினாறு வயதிலிருந்து கொத்துக்கரணை பிடிக்கிறேன். இவ்வளவு முழுசாக ஒரு வேலையைக் கெடுத்தது இதுதான் முதல் தடவை. போதாததற்கு வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பொன்னாயியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வழுக்காத தரையும் வெந்நியும் ஒரு கக்கூஸும். அவ்ளோதான கேட்டாங்க" என்றாள். நான் அதையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முதலில் சம்பந்தியம்மா சரி என்று சொல்லட்டும், பெண் வந்து சேரட்டும், மற்றது பிறகு. இந்தத் திட்டமும் அதே மூளையில் உதித்ததுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் சம்பந்தியம்மா தனியாக வந்து இறங்கினார். முட்டிவலி, படியேறக் கதவைப் பிடித்துக்கொண்டார். பாத்ரூம் விளக்கைப் போட்டேன். நீல விளக்கையும் போட்டேன். அவர் வாயைப் பிளக்கவில்லை. ஆனால் கண் தொட்டியை விட்டு நகரவில்லை.

"டிவியில பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "முட்டிக்கு நல்லதா இருக்குமாண்ணே?"

எனக்கு உயிர் வந்தது. "அதுக்குன்னே செஞ்சதுங்க. எறங்கிப் பாருங்களேன்!"

பொன்னாயி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் கண்டுகொள்ளவில்லை. ஹீட்டர் தண்ணீரையும் மேல்தொட்டித் தண்ணீரையும் திறந்துவிட்டேன். தொட்டி நிறைவதற்குள் சம்பந்தியம்மா இரண்டு காப்பி குடித்து, குவார்ட்டர்ஸ் கதை எல்லாம் பேசி முடித்தார்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் தேய்த்து, பச்சை அரப்பு இலைத்தூள் போட்டு அலசினால்தான் குளித்ததாகக் கணக்கு. விருந்துக்கு வந்த சம்பந்திக்கு வெறும் தண்ணீரை ஊற்றி அனுப்ப முடியுமா? பொன்னாயி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டாள். கிண்ணம் நிறைய அரப்பும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். பாய் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. என் காது கதவுக்குப் பின்னால் கிளம்பப் போகும் மோட்டார் சத்தத்துக்குக் காத்திருந்தது.

மோட்டார் ஓடியது. "ஐயோ அண்ணி, கூசுது!" என்று சம்பந்தியம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பிரவீணா கையில் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பது போலவே எனக்கு இருந்தது. இரண்டு நிமிஷம் நான்தான் உலகத்திலேயே கெட்டிக்காரன்.

அப்புறம் கதவின் அடியிலிருந்து பச்சையாக நுரை வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு கூடத்துக்கே வந்துவிட்டது. மோட்டார் இருமியது. செருமியது. நின்றுபோனது.

"அண்ணி, கண்ணு எரியுது! தூக்கி வுடுங்க!"

"கைய குடுங்க அண்ணி... ஐயோ, வழுக்குதே!"

தொபீர் என்று ஒரு சத்தம். தண்ணீர் அலம்பும் சத்தம். எண்ணெய் ஊறிய உடம்பு, வழவழவென்று தொட்டி, முட்டிவலிக்காரம்மா. உள்ளே போய்த் தூக்க நான் யார்? குளிக்கிற சம்பந்தியம்மாவை ஏற்கெனவே ஒரு பஸ் பார்த்தாயிற்று.

கதவோடு வாயை வைத்துக் கத்தினேன். "பொன்னாயி! ஓரத்துல ஒரு குமிழு இருக்கும் பாரு, அதத் திருப்பு! தண்ணி எறங்கிடும்!"

"திருப்பியாச்சு! எறங்கல! அரப்பு அடைச்சுக்கிச்சு!"

"மோட்டாரத் தொறந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். சமாதியை எந்தப் பக்கம் திறப்பது?

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று பொன்னாயியின் குரல் வந்தது. "ஒரு நெல்லுச் சாக்கு எடுத்தாங்க!"

ஓடிப் போய் எடுத்து வந்தேன். வென்டிலேட்டருக்குக் கீழே முக்காலி போட்டு ஏறி, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சாக்கை உள்ளே போட்டேன். கண்ணை மூடியபடி இறங்கியதில் நானும் கீழே விழுந்தேன். அதைப் பற்றி இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை.

உள்ளே கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ம்... என் தோளப் புடிங்க... ம்" என்று பொன்னாயி. கதவு திறந்தபோது இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். பொன்னாயியின் புடவை கழுத்து வரை பச்சை. சம்பந்தியம்மா கொண்டுபோன மாற்றுப் புடவையை மேலே சுற்றிக்கொண்டு அவள் தோளைப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்காமல் இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள்.

நான் நுரையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன், என் மகள் வரமாட்டாள். ரெட்டிபாளையத்தில் அவள் இடுப்பு வலியில் கத்தும்போது நாங்கள் இங்கே நீல விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில், கையில் ஈரத்துணியோடு, பாத்ரூம் வாசலில் குந்தி அழுதேன்.

சம்பந்தியம்மா உலர்ந்த புடவை கட்டி, தலையில் துண்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவசரமாக முகத்தைத் துடைத்தேன். ஈரத்துணியில் இருந்த அரப்பு கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது.

"ஏண்ணே, வவுத்துப் புள்ளைக்காரி இதுல எறங்குனா என்னாவறது?" என்று கேட்டார்.

மழுப்பலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். முடியவில்லை. "எறங்கவே கூடாதுங்க. வாங்குன அப்பறந்தான் தெரிஞ்சுது. கக்கூஸுக்கும் எடம் இல்லாம போச்சு. ஒங்க கண்ணுக்கு நல்லா தெரியணும்னு வாங்கிட்டேன் தங்கச்சி. எம்பொண்ணு வரணும், அவ்ளோதான். வேற ஒண்ணும் தோணல."

அவர் பொன்னாயியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் வேலைகளில் பல வருஷம் சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கிய கை அது.

"உள்ள எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. கண்ணுந் தெரியல. இவங்க கட்டுன பொடவையோட உள்ள எறங்கி, எம்பின்னாடி உக்காந்து, 'நான் இருக்கன்ல அண்ணி, பயப்படாதீங்க'ன்னாங்க. கண்ணக் கழுவி வுட்டு, தலைய அலசி, சாக்க காலுக்கடியில போட்டு, ஒரே தூக்கு. பூ மாதிரி வெளிய வச்சாங்க." முட்டியைத் தடவிக்கொண்டார். "எங்க குவார்ட்டர்ஸ்ல எல்லாம் உள்ளயேதான் இருக்கு. ஆனா அந்தப் புள்ள வழுக்கி வுழுந்தா தூக்க யாரு இருக்கா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நானா தூக்குவேன்?"

பொன்னாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வளைகாப்பு முடிஞ்ச கையோட கூட்டியாந்துடுங்க அண்ணி. நீங்க ஊத்துங்க வெந்நி." என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தத் தொட்டிய எடுத்துட்டு அங்க ஒரு கக்கூஸ் வையுங்கண்ணே. பெருசா ஒண்ணும் வேணாம்."

பொன்னாயி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். இரண்டு பேர் தலையிலிருந்தும் அரப்பு வாசம் வந்தது. நான் ஒருவன் அங்கே நிற்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள், அதுவும் நல்லதற்குத்தான்.

நான் ஷெட்டுக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தேன். தொட்டியை வெளியே எடுக்க வேறு வழி கிடையாது, அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன். முதல் அடியில் கிரானைட் விரிசல் விட்டது. வாழ்க்கையில் எந்தச் சுவரைக் கட்டியபோதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

"ஏங்க!" என்று அழுத குரலிலேயே பொன்னாயி உள்ளிருந்து கூப்பிட்டாள். "பாத்து அடிங்க, கால்ல போட்டுக்கப் போறீங்க!"